மொரப்பூர்: பஞ்சம் தந்த ஜங்ஷன்

சென்னையிலிருந்து சேலம் செல்லும் அகல ரயில் பாதையில், தருமபுரி மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது மொரப்பூர். தருமபுரி நகரம் இங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 30 கி.மீ.; அரூர் கிழக்கே அதில் பாதித் தொலைவு. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாக இருந்தும் மொரப்பூர் ஒரு பேரூராட்சிகூட இல்லை, இன்றும் ஊராட்சிதான். ஆனாலும் சென்னைக்கோ கோவைக்கோ ரயிலேற நினைக்கும் அரூர்க்காரரும் கம்பைநல்லூர்க்காரரும், மாவட்டத் தலைநகரான தருமபுரியின் மக்களில் பலரும்கூட, பேருந்து பிடித்து இந்தச் சிற்றூருக்குத்தான் வருகிறார்கள். 1906 முதல் 1941 வரை மொரப்பூர் ஒரு ஜங்ஷனாக இருந்தது. இங்கிருந்து தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை ஒரு குறுகிய ரயில் பாதை போனது. அது ஏன் வந்தது, வந்து ஊரை என்ன செய்தது, போனபின் என்ன மிஞ்சியது என்பதில்தான் தருமபுரி மாவட்டத்தின் ரயில் வரலாறு அடங்கியிருக்கிறது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ஓட்டியது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. வங்கக் கடலோரத்துச் சென்னையை அரபிக் கடலோரத்துப் பேப்பூருடன் இணைப்பது அதன் பெரிய திட்டம். பாலாற்றங்கரையை ஒட்டி ஆம்பூர், வாணியம்பாடி என்று மேற்கே நகர்ந்த பாதை 1860இல் திருப்பத்தூரையும் 1861இல் சேலத்தையும் தொட்டது. 1862இல் இரு கடற்கரைகளும் இணைந்தன. திருப்பத்தூருக்குத் தெற்கே சாமல்பட்டி, அப்பால் தென்பெண்ணை ஆறு, அதைக் கடந்தால் மொரப்பூர், பிறகு பொம்மிடி. அங்கிருந்து சேர்வராயன் மலையடிவாரத்துக் கணவாயில் லோகூர், டேனிஷ்பேட்டை வழியே ஏறி இறங்கிச் சேலத்தை அடைகிறது பாதை. சேலத்திற்கும் தருமபுரிக்கும் இடையே பழங்காலத்திலிருந்தே மக்கள் நடந்த தொப்பூர்க் கணவாயை அது தொடவில்லை.

அதனால் தருமபுரி ஒதுங்கிப் போனது. திப்பு சுல்தானிடமிருந்து 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பாரமகால் பகுதியில் கேப்டன் ரீடின் உதவியாளராகத் தாமஸ் மன்றோ தங்கிப் பணியாற்றிய ஊர் தருமபுரி. தென்னிந்திய நிலவரி வரலாற்றில் பெரிதாகப் பேசப்படும் ரயத்துவாரி முறை முளைவிட்டது இந்த வட்டாரத்தில்தான். வரி வசூலுக்கு அவ்வளவு முக்கியமாக இருந்த ஊர், ரயில் வந்தபோது வழியில் இல்லாத ஊராகிவிட்டது. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இதே கதி. அன்று இவை யாவும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை.

ஒதுங்கிப் போனதன் விலை 1876இல் தெரிந்தது. அந்த ஆண்டு மழை பொய்த்துத் தொடங்கிய பஞ்சம் 1878 வரை நீண்டது. தமிழ்நாட்டார் தாது வருடப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருப்பது இதைத்தான். சென்னை மாகாணத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலம் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த அதன் மக்கள்தொகை 1881இல் ஏறத்தாழ 16 லட்சமாகச் சுருங்கியது. பிறந்திருக்க வேண்டிய பிள்ளைகளையும் சேர்த்தால் இழப்பு இன்னும் பெரிது. பர்மாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் கப்பலில் வந்த அரிசி சென்னைத் துறைமுகத்தில் குவிந்தது. ரயில் அதைத் திருப்பத்தூர், சேலம் வரை கொண்டுவந்தது. அதற்கு அப்பால் உள்நாட்டுக் கிராமங்களுக்கு மாட்டு வண்டிதான் போக வேண்டும். மாடுகளோ தீவனமும் தண்ணீரும் இல்லாமல் மனிதர்களுக்கு முன்பே செத்துக்கொண்டிருந்தன. நிலையத்தில் மூட்டை இருந்தும் முப்பது மைல் தள்ளியிருந்த ஊரில் பட்டினி என்ற நிலை இப்படித்தான் உண்டானது.

1880இல் அறிக்கை தந்த பஞ்சக் கமிஷன் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தது. வறண்ட மாவட்டங்களுக்குள் கிளைப்பாதைகள் வேண்டும். அவை லாபம் தராவிட்டாலும் அரசு செலவு செய்து போட வேண்டும். இப்படிப் போடப்பட்டவற்றுக்குப் பஞ்சக் காப்புப் பாதைகள் என்று பெயர். ரயிலைப் பஞ்சத்துக்கு மருந்தாகப் பார்த்த இந்தக் கருத்தை அன்றே மறுத்தவர்களும் உண்டு. தானியத்தை உள்ளே கொண்டுவரும் அதே தண்டவாளம், விலை அதிகம் கிடைக்கும் இடத்துக்கு அதை வெளியேயும் கொண்டுபோகும் என்பது அவர்கள் வாதம். வாங்கக் காசில்லாதவனுக்கு, நிலையத்தில் இறங்கும் அரிசி எட்டாத அரிசிதான் என்றும் சொன்னார்கள். இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. ஆனால் தருமபுரியைப் பொறுத்தவரை, தானியம் வந்து சேர வழியே இல்லாமல் இருந்ததைவிட வழி ஒன்று இருந்தது மேல் என்றே கொள்ள வேண்டும்.

கமிஷன் சொல்லிக் கால் நூற்றாண்டு கழித்துத்தான் சேலம் மாவட்டத்தில் வேலை நடந்தது. 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு பாதை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1906 ஜனவரியில், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இன்னொன்று. இதன் நீளம் பதினெட்டரை மைல், அதாவது ஏறத்தாழ 30 கி.மீ. இரண்டுமே இரண்டரை அடி அகலமுள்ள குறுகிய பாதைகள். பிரதான பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1676 மி.மீ. இருந்தால், இங்கே 762 மி.மீ. மட்டுமே, பாதிகூட இல்லை. தண்டவாளம் மெல்லியது, எஞ்சின் சிறியது, மேடு பள்ளங்களை வெட்டாமல் வளைந்து வளைந்தே போய்விடலாம். செலவைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. பரோடா அரசரின் பாதைகளும் மகாராஷ்டிரத்தின் பார்சி பாதையும் குறுகிய பாதை பயன்படும் என்று அதற்கு முன்பே காட்டியிருந்தன. 1913இல் மொரப்பூர்ப் பாதை தருமபுரியிலிருந்து ஓசூருக்கு நீண்டது. மொத்த நீளம் ஏறத்தாழ 120 கி.மீ. ஆனது. திருப்பத்தூர், கிருஷ்ணகிரி பாதை இப்படி நீளவேயில்லை.

மொரப்பூரை ஊராக்கியது இந்த அகல வித்தியாசம். அகலப் பாதையில் வந்த சரக்குப் பெட்டி குறுகிய பாதையில் உருளாது. சென்னையிலிருந்து தருமபுரிக்கு அனுப்பிய ஒவ்வொரு மூட்டையும் மொரப்பூரில் ஒரு பெட்டியிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டும். பாலக்கோட்டுப் பக்கத்துப் புளியும் நிலக்கடலையும் சென்னைக்குப் போக வேண்டுமானாலும் அதே கதைதான். ரயில் பொறியாளர்களுக்கு இது தலைவலி: நேரம் வீண், கூலி வீண், மூட்டை கிழிந்தால் நஷ்டம். ஊருக்கோ இதுவே பிழைப்பு. இப்படி இரு அகலங்கள் சந்திக்கும் நிலையத்தில் மூட்டை தூக்க ஆள் வேண்டும், மழை வந்தால் ஒதுக்கி வைக்கக் குட்ஸ் ஷெட் வேண்டும், இரண்டு பக்கத்துக் கணக்கையும் ஒத்துப் பார்க்கக் குமாஸ்தா வேண்டும், சிறிய எஞ்சின்களுக்குக் கரியும் தண்ணீரும் வேண்டும். பயணிகளும் இறங்கி வண்டி மாறியே ஆக வேண்டும். சென்னை வண்டி தாமதமானால் அவர்களுக்குக் காத்திருப்பு. காத்திருப்பவருக்குக் காபியும் சாப்பாடும் படுக்கத் திண்ணையும் வேண்டும். வண்டிகள் கடந்து போகும் ஊர் ரயில் நிலையம் உள்ள ஊராக மட்டும் இருக்கும். வண்டி மாறும் ஊர்தான் ரயில் ஊராகும்.

ஓசூர் வரை போன பாதை பலவிதமான நிலங்களைக் கோத்தது. மொரப்பூர்ப் பக்கம் தென்பெண்ணையை அடுத்த வெப்பமான சமவெளி. தருமபுரி தாண்டினால் மா, புளி, கேழ்வரகு விளையும் செம்மண் மேட்டு நிலம். ராயக்கோட்டையில் ஒரு காலத்தில் மைசூர்ப் போர்களில் அடிபட்ட கோட்டைக் குன்று. முடிவில், காற்றே குளிர்ந்திருக்கும் ஓசூர். ஓசூரில் 1824இலேயே தொடங்கிய அரசுக் கால்நடைப் பண்ணை இருந்தது. அருகே தொரப்பள்ளி கிராமத்தில், பஞ்சம் ஓய்ந்துகொண்டிருந்த 1878இல் பிறந்தவர் ராஜாஜி. இன்று பெங்களூரின் புறநகர்போல ஆகிவிட்ட ஓசூர், அன்று சென்னையைப் பார்த்த முகமாக மொரப்பூருடன் கட்டப்பட்டிருந்தது என்பதை நம்பக் கொஞ்சம் சிரமம்தான்.

அந்த ரயில் ஓடிய காலத்தில் அதில் ஏற முடியாதவர் ஒருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். வ.உ.சி.யுடன் 1908இல் சிறை சென்ற சுப்பிரமணிய சிவா, சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி 1912இல் வெளியே வந்தார். தொற்றுநோய் உள்ளவர்கள் ரயிலில் ஏறக் கூடாது என்பது அன்றைய ரயில்வே சட்டம். அதைக் காட்டி அரசு அவர் ரயிலில் பயணம் செய்வதைத் தடுத்தது. அவர் நிற்கவில்லை. கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் தமிழ்நாட்டு ஊர்களைச் சுற்றிப் பேசினார். தருமபுரியை அடுத்த பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப வேண்டும் என்பது அவர் கனவு. 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23 அன்று சிவா அதே பாப்பாரப்பட்டியில் உயிர்விட்டார். தருமபுரிக்கு ரயில் வந்து அப்போது பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வசதி எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை.

1908இல் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி முடிவுக்கு வந்து அதன் பாதைகள் பிரிக்கப்பட்டன. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூர் போகும் பாதை மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா கம்பெனிக்குப் போனது. ஜோலார்பேட்டைக்குத் தெற்கே சேலம், மங்களூர் வரை தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்கு. மொரப்பூரும் அதன் சிறிய பாதையும் இந்த இரண்டாவது பங்கில் சேர்ந்தன. பஞ்சக் காப்புக்காகப் போட்டது என்பதால் முதலிலேயே பெரிய வருமானத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. 1920களிலும் 30களிலும் மோட்டார் பேருந்து வந்தபோது அந்தச் சிறிய வருமானமும் தேயத் தொடங்கியது. பேருந்து தருமபுரிக் கடைவீதியிலேயே ஆளை ஏற்றி, போக வேண்டிய ஊரிலேயே இறக்கிவிடும். நடுவில் மாற வேண்டாம். இந்தியா முழுவதும் சிறிய பாதைகள் இப்படி அடிபட்டதால், 1930களின் தொடக்கத்தில் சாலைக்கும் ரயிலுக்குமான போட்டியை ஆராய மிட்செல், கிர்க்னஸ் என்ற இரு அதிகாரிகளை அரசு அமர்த்த வேண்டியிருந்தது. ஜங்ஷனுக்கு உயிர் தந்த அந்த வண்டி மாற்றமே இப்போது ஜங்ஷனுக்கு எதிராகத் திரும்பியது.

முடிவு கட்டியது இரண்டாம் உலகப் போர். போர்முனைகளுக்கு இரும்பும் தண்டவாளமும் தேவைப்பட்டபோது, நாட்டில் குறைவாகப் பயன்பட்ட கிளைப்பாதைகள் பல பெயர்த்தெடுக்கப்பட்டன. மொரப்பூர், தருமபுரி, ஓசூர் பாதை 1941இல் மூடப்பட்டது. திருப்பத்தூர், கிருஷ்ணகிரி பாதையும் விடுதலைக்கு முன்பே மறைந்தது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றுவரை ரயில் இல்லை. ஒரு மாவட்டத் தலைநகரம் எட்டு பத்தாண்டுகளுக்கு மேலாக, இழந்த பாதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பஞ்சத்துக்கு எதிரான காவலாகப் போட்ட பாதைகளைப் போர்க்காலத்தில் பெயர்த்ததற்கு நியாயம் சொல்வது கடினம். பெயர்த்து இரண்டு ஆண்டுகளுக்குள் வங்கத்தில் பெரும் பஞ்சம் வந்தது என்பதை நினைக்கும்போது, இங்கே அப்படி ஒன்று வராமல் போனது அதிர்ஷ்டம் என்றே தோன்றுகிறது.

தருமபுரி அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேல் ரயில் இல்லாமல் இருந்தது. 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 1960களின் இறுதியில் சேலத்தையும் பெங்களூரையும் தருமபுரி, ஓசூர் வழியாக இணைக்கும் மீட்டர்கேஜ் பாதை வந்தது. 1990களில் அது அகலப் பாதையானது. அண்மையில் மின்சாரமும் வந்துவிட்டது. இந்தப் பாதை, அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன் ஒதுக்கப்பட்ட அதே தொப்பூர்க் கணவாய்க் காட்டுக்குள் ஏறித்தான் போகிறது. இடம் எவ்வளவு கடினமானது என்பது 2021 நவம்பரில் தெரிந்தது: மழையில் சரிந்த பாறைகள் மோதிக் கண்ணூர், யஷ்வந்த்பூர் விரைவு ரயிலின் பெட்டிகள் முத்தம்பட்டி அருகே தடம் புரண்டன. நல்லவேளையாக ஓர் உயிரும் போகவில்லை. டெல்டா மாவட்டங்களின் நெல் அரவைக்காகச் சரக்கு ரயிலில் வந்து இறங்குவது இப்போது தருமபுரி நிலையத்தில்தான்.

ஆனால் இந்தப் பாதை தருமபுரியின் முகத்தைப் பெங்களூர் பக்கம் திருப்பிவிட்டது. தருமபுரி நிலையம் ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூர்க் கோட்டத்தில் இருக்கிறது. மொரப்பூரும் பொம்மிடியும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு ரயில்வேயில், 2007இல் உருவான சேலம் கோட்டத்தில் இருக்கின்றன. ஒரே மாவட்டத்தின் இரு ரயில் பாதைகளும் இரு வேறு மண்டலங்களின் பொறுப்பு. மாவட்டத்துக்குள் அவற்றின் இடையே தண்டவாளத் தொடர்பு இல்லை. மாவட்டத் தலைநகரிலிருந்து மாநிலத் தலைநகருக்கு நேராகப் போக ரயில் பாதை கிடையாது. சேலம் வரை தெற்கே இறங்கிச் சுற்ற வேண்டும், அல்லது பேருந்தில் மொரப்பூருக்கு வர வேண்டும். பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். ஏற்காடு எக்ஸ்பிரஸ் மொரப்பூரில் நிற்கும் ஒரு நிமிடத்துக்கு இந்த மாவட்டத்தில் இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான்.

ஜங்ஷன் என்ற தகுதி பறிபோகாமல் இருந்திருந்தால் மொரப்பூர் என்னவாகியிருக்கும் என்று ஊகிக்க விரும்புவோர், அதே பாதையில் வடக்கே இருக்கும் ஜோலார்பேட்டையைப் பார்க்கலாம். திருப்பத்தூர் வட்டம் 1911இல் வடஆர்க்காட்டுக்கு மாற்றப்படும் வரை இரண்டு ஊர்களும் ஒரே சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. 1864இல் பெங்களூர்ப் பாதை ஜோலார்பேட்டையிலிருந்து பிரிந்தபோது அதன் வளர்ச்சி தொடங்கியது. 1908இல் கம்பெனிகள் பிரிந்தபோது அது இரு கம்பெனிகளின் எல்லையானது. இன்றும் சென்னைக் கோட்டமும் சேலம் கோட்டமும் பெங்களூர்க் கோட்டமும் சந்திக்கும் மூலை அது. நீராவி எஞ்சின் காலத்தில் எல்லை என்றால் எஞ்சின் மாறும் இடம், டிரைவரும் கார்டும் மாறும் இடம். அங்கே லோகோ ஷெட் வேண்டும், வெளியூர்ப் பணியாளர்கள் தூங்கி எழ ரன்னிங் ரூம் வேண்டும், குடும்பத்தோடு தங்க ரயில்வே காலனி வேண்டும். இவை எல்லாம் ஜோலார்பேட்டைக்கு வந்தன. மொரப்பூருக்கு வந்த அளவு மிகச் சிறியது, அதுவும் 1941க்குப் பின் தேவையற்றுப் போனது.

ரயில் ஊரின் வாழ்க்கை மற்ற ஊர்களைப் போலச் சூரியனைப் பார்த்து நடப்பதில்லை. நள்ளிரவு சரக்கு வண்டிக்கு டிரைவரை எழுப்பக் கால்பாய் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார். லோகோ ஷெட்டின் சங்கு ஊதினால் வேலைநேரம் மாறுகிறது என்று ஊருக்கே தெரியும். வீடுகள் பதவிக்கு ஏற்பத் தனித்தனி வரிசையில் இருக்கும்: கலாசிக்கும் கேங்மேனுக்கும் ஓரறை வீடு, டிரைவருக்குத் தோட்டம் வைத்த வீடு, அதிகாரிக்குப் பங்களா. வெள்ளையர் காலத்தில் டிரைவர், கார்டு வேலைகளில் ஆங்கிலோ இந்தியர்கள் நிறைய இருந்தார்கள். ஜோலார்பேட்டை தமிழ்நாட்டில் அவர்கள் அடர்ந்து வாழ்ந்த ரயில் ஊர்களில் ஒன்று. தேவாலயமும் ஆங்கிலப் பள்ளியும் அவர்களைச் சுற்றி வளர்ந்தன. ரயில்வே நடத்திய பள்ளியில் கலாசியின் பிள்ளையும் படிக்க முடிந்தது. அதனால் அப்பா கரி அள்ளிய வீட்டிலிருந்து மகன் எழுத்தராகவோ ஆசிரியராகவோ வெளியே வந்தான். ரயில் ஊர்கள் செய்த நல்ல காரியங்களில் இதை முதலில் வைக்கலாம்.

பொழுதுபோக்குக்கு இருந்தது ரயில்வே இன்ஸ்டிடியூட். பெரம்பூர், அரக்கோணம், பொன்மலை, போத்தனூர் என்று எந்த ரயில் ஊருக்குப் போனாலும் இன்ஸ்டிடியூட்டை ஒரே சாயலில் காணலாம். மரத்தரை போட்ட ஒரு கூடம், பில்லியர்ட்ஸ் மேசை, பத்திரிகைகள் கிடக்கும் வாசிப்பறை, வெளியே பேட்மிண்டன் ஆடுகளம். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஜோடி நடனம், வார இறுதியில் எண் கூப்பிட்டு ஆடும் ஹவுசி. தென்னிந்திய ஹாக்கிக்கு ரயில் காலனிகள் தந்த ஆட்டக்காரர்கள் ஏராளம். தொடக்கத்தில் இந்த இடங்கள் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் மட்டுமே திறந்திருந்தன. இந்தியப் பணியாளருக்குத் தனி இன்ஸ்டிடியூட் இருந்த ஊர்களும் உண்டு. 1947க்குப் பின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பல ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட, அதே கூடங்களில் தமிழ் நாடகமும் கேரம் போட்டியும் திருமண வரவேற்பும் நடக்கத் தொடங்கின. லோகோ ஷெட்டின் பெரிய விழா ஆயுத பூஜை. எஞ்சினுக்குச் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை படைத்து, அன்று மட்டும் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். அப்பா ஓட்டும் எஞ்சினைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும் நாள் அது.

1980களின் நடுவிலிருந்து இந்தப் பாதையில் மின்சார எஞ்சின்கள் வரவும், கரி எஞ்சின்களும் அவற்றைச் சுற்றி இருந்த வேலைகளும் போயின. ஆனாலும் மூன்று திசைப் பாதைகள் இருக்கும்வரை ஜோலார்பேட்டைக்கு வேலை இருக்கும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது அது மீண்டும் செய்திக்கு வந்தது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வந்த காவிரி நீரை மேட்டுச்சக்கரக்குப்பத்திலிருந்து குழாயில் கொண்டுவந்து, 50 வேகன்களில் ஏறத்தாழ 25 லட்சம் லிட்டரை நிரப்பி, ஜூலை 12 அன்று முதல் குடிநீர் ரயிலை வில்லிவாக்கத்துக்கு அனுப்பியது இந்த ஊர். 1877இல் சென்னையிலிருந்து அரிசி வந்த அதே தண்டவாளத்தில், 142 ஆண்டுகளுக்குப் பின் சென்னைக்குத் தண்ணீர் போனது. ஜோலார்பேட்டை இன்று நகராட்சி. 2008 தொகுதி மறுவரையறையில் அது புதிதாக ஒரு சட்டமன்றத் தொகுதியானது. அதே மறுவரையறையில் மொரப்பூர் என்ற தொகுதி இல்லாமல் போய், அந்த வட்டாரத்தில் பாப்பிரெட்டிப்பட்டித் தொகுதி வந்தது.

மொரப்பூருக்கு மிஞ்சியவை ஒன்றிய அலுவலகம், காவல் நிலையம், அரசுப் பள்ளிகள், கடைவீதி, ரயில் நிலையம். பெரிய சந்தையும் நீதிமன்றமும் கல்லூரியும் அரூருக்குப் போய்விட்டன. அரூரை அடுத்த கோபாலபுரத்தில் இருக்கிறது சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலை; ரயிலில் ஏறவிடப்படாதவர் பெயரில் இந்த வட்டாரக் கரும்பெல்லாம் அரைபடுகிறது. மொரப்பூரின் நாள், பேருந்துகளும் ரயில்களும் ஒன்றுக்கொன்று காத்திருப்பதில் கழிகிறது. சென்னை வண்டிக்கு முன் அரூர்ப் பேருந்துகள் நிலையத்தை ஒட்டி வந்து ஆட்களை இறக்குகின்றன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலி வேலைக்குப் போய்த் திரும்புவோர், சென்னையில் படிக்கும் பிள்ளைகள், மருத்துவமனைக்குப் போகும் முதியோர் என்று நடைமேடை நிரம்பிக் காலியாகிறது. நிலையத்தைப் புதுப்பிக்கும் அம்ருத் பாரத் பட்டியலில் மொரப்பூரும் இடம்பெற்றிருக்கிறது.

இந்த வட்டாரத்தின் பொழுதுபோக்கு இன்ஸ்டிடியூட் பக்கம் போனதே இல்லை. அது ஆற்றங்கரையிலும் மலையிலும் கூத்துக் களத்திலும் இருக்கிறது. ஆடிப் பதினெட்டு அன்று தென்பெண்ணைக் கரையில் இருமத்தூரும் அனுமன்தீர்த்தமும் தலைகளாக நிறையும். புதுத்தாலி மாற்றுவோரும், குலதெய்வத்தின் வேலையும் வாளையும் ஆற்றில் கழுவிக் கொண்டுபோவோரும், கட்டுச்சோறு கொண்டுவந்து மர நிழலில் உட்கார்வோருமாக அது பாதி வழிபாடு, பாதி உல்லாசப் பயணம். அரூருக்கு அப்பால் தீர்த்தமலை. மலைமேல் பாறையிலிருந்து சொட்டும் ராமர் தீர்த்தத்தில் நனைய மக்கள் படியேறுகிறார்கள். பூசைக்குத் தண்ணீர் கொண்டுவர அனுமன் தாமதிக்க, ராமன் அம்பெய்து மலையிலிருந்து நீர் வரவழைத்தான், கோபத்தில் அனுமன் எறிந்த கலயம் விழுந்த இடம்தான் அனுமன்தீர்த்தம் என்று இரு ஊர்களையும் ஒரே கதையில் கட்டி வைத்திருக்கிறார்கள். தீர்த்தமலையை அருணகிரிநாதரும் பாடியிருக்கிறார். நடக்கத் தயங்காதவர்களுக்குச் சித்தேரி மலை இருக்கிறது. பொம்மிடியில் இறங்கினால் ஏற்காட்டு மலையடிவாரத்து வாணியாறு அணை.

தருமபுரிப் பக்கத்தின் பெரிய ஈர்ப்பு ஒகேனக்கல். காவிரி பாறைகளுக்கு இடையே பிளந்து விழும் இடம். பரிசல் சவாரி, எண்ணெய் தேய்த்துக் குளியல், ஆற்று மீன் வறுவல் மூன்றும் சேர்ந்ததுதான் ஒகேனக்கல் பயணம் என்பது இந்த மாவட்டத்தின் வழக்கம். தொப்பூர்க் கணவாயில், தண்டவாளத்தை அடுத்த காட்டுக்குள் முத்தம்பட்டி ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது. கோடையில் வயல் வேலை ஓய்ந்ததும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கும். பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, கடைசி நாளில் துரியோதனன் படுகளம். ஜோலார்பேட்டைக்காரருக்கோ தலைக்கு மேலேயே ஏலகிரி: பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், உச்சியில் புங்கனூர் ஏரி, படகு. அதற்குக் கிழக்கே ஜவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு வான் ஆய்வகம். 1986இல் திறக்கப்பட்ட அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி, ஆசியாவின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்றாக நீண்ட காலம் இருந்தது.

மொரப்பூரையும் தருமபுரியையும் மறுபடி இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை, பழைய பாதை போன நாளிலிருந்தே உண்டு. பாராளுமன்றத்துக்குத் தருமபுரியில் நின்றவர் எவரும் இதைப் பேசாமல் வாக்குக் கேட்டதில்லை எனலாம். 2016-17 ரயில்வே நிதிநிலைத் திட்டத்தில் ஏறத்தாழ 36 கி.மீ. நீள அகலப் பாதைக்கு ஒப்புதல் கிடைத்தது. மதிப்பீடு 350 கோடி ரூபாய்க்கு மேல். 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வேலையைப் பிடித்து நிறுத்தியது நிலம். 1941இல் பெயர்த்த தண்டவாளத்தின் தடத்தில் வீடுகளும் தெருக்களும் வயல்களும் வந்துவிட்டதால், தருமபுரிக்குள் பழைய வழியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. புதிய தடம் குறித்து, அளந்து, உழவர்களுக்கு உரிய இழப்பீடு தந்து நிலம் பெற வேண்டியிருக்கிறது. முடிந்தால், தெற்கு ரயில்வேயும் தென்மேற்கு ரயில்வேயும் இந்த மாவட்டத்துக்குள் முதல்முறையாகக் கைகோக்கும். தருமபுரியிலிருந்து சென்னைக்கு நேர் வண்டி விடலாம். இந்த முறை இரு பக்கமும் ஒரே அகலம் என்பதால் மொரப்பூரில் யாரும் இறங்கி மாற வேண்டியிருக்காது, மூட்டை எதுவும் தோள் மாறாது. ஆனால் நிலையப் பலகையில் ஜங்ஷன் என்ற சொல் திரும்ப வரும்.